பின்னால் போன பேருந்து

தம்பி,

நீ போட்ட டிக்கெட்டின் படத்தை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்தான் முதலில் பார்த்தேன். ஸ்கேன் சென்டரில் வரிசையில் இருந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேசைமேல் கைபேசி விடாமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் என் பெயர், சென்னை, பாரிஸ், ஏப்ரல் மாதத்துத் தேதி ஒன்று. கீழே உன் அத்தை பூங்கொத்து அனுப்பியிருந்தார். சித்தப்பா கைகூப்பியிருந்தார். நான் யாருடைய கல்யாணத்திலோ ஒரே ஒருமுறை பார்த்த புதுச்சேரிக்காரர் ஒருவர், "ஒருவழியா அண்ணி கிளம்பியாச்சு" என்று எழுதியிருந்தார். எல்லோரும் எனக்கு விடைகொடுத்து முடித்த பிறகுதான் நான் கிளம்புகிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது, பதறவில்லை. அதை ஏனோ உன்னிடம் சொல்லத் தோன்றுகிறது.

அன்று மத்தியானம் பாரிஸில் இருக்கும் உன்னைக் கைபேசியில் அழைத்தேன். "ஏப்ரல்ல எனக்குப் பரீட்சை இருக்கு தம்பி" என்றேன். "என்ன பரீட்சை?" என்றாய். "பிளஸ் டூ. ஃபிசிக்ஸ் பேப்பர் ஏப்ரல்லதான் வருது" என்றேன். நீ சிரித்தாய். கெட்ட சிரிப்பு இல்லை, எனக்குத் தெரியும். "ம்மா, எனக்கே அது வரலியேம்மா" என்றாய். "உனக்கு வரலன்னா எனக்கும் வரக்கூடாதுன்னு இருக்கா?" என்று கேட்டேன். நீ பதில் சொல்வதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், டெலிவரிக்கு ஆர்டர் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாய். சாயங்காலத்துக்குள் விஷயம் குழுவுக்குப் போய்விட்டது. "பரீட்சையா? யாருக்கு? அண்ணிக்கா?" என்று ஒருவர். வாய்விட்டுச் சிரிக்கும் முகங்கள் வரிசையாக. உன் அத்தை நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். விசாவுக்குக் கொடுத்த காகிதங்களை அவர் இன்னும் பிரெஞ்சில் 'பாப்பியே' என்றுதான் சொல்வார். "பாப்பியே எல்லாம் கையில வந்தாச்சு, ஊர்ல ஒவ்வொருத்தி இதுக்காகத் தவம் கெடக்குறா, ஒனக்கு என்னடி வந்துச்சு?" என்றார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "சீனி தூக்கலா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். யாரிடமும் எதையும் சொல்லிப் பழக்கமில்லாதவள். நூலகத்திலிருந்து எடுத்துவரும் புத்தகங்களைக்கூடப் பைக்குள் அட்டையைத் திருப்பி வைத்துத்தான் கொண்டுவருவேன். என்ன படிக்கிறேன் என்று யாரும் கேட்கக் கூடாது. அப்படிப்பட்டவளின் பயணம் எல்லோர் முன்னாலும் முடிவானதால், பதிலும் எல்லோர் முன்னாலும் இருக்கட்டும் என்று நினைக்கிறேன். இந்தக் கடிதத்தை அதே குழுவில்தான் போடப்போகிறேன். நீளம் என்று யாராவது சலித்துக்கொண்டால் படிக்காமல் விடட்டும். நீ மட்டும் முழுக்கப் படி.

நீ பிளஸ் ஒன்னில் இயற்பியலை விட்ட நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தேர்வுத்தாளை மடித்து மடித்து, தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாய். "ஃபிசிக்ஸ் புரியுதும்மா. பந்து மேல போகும், கீழ வரும், எல்லாம் புரியுது. அந்த எழுத்த இந்தப் பக்கம் கொண்டாரச் சொல்றாங்கல்ல, அங்கதான் எல்லாம் போயிடுது" என்றாய். அடுத்த வாரம் நீ வணிகவியலுக்கு மாறினாய். அப்போதும் உன் அத்தை வந்திருந்தார். "அம்மா மாதிரி. கணக்குன்னா ஓடுற ரத்தம்" என்றார். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய், நானும் நீயும் ஒரே கட்சி என்பதுபோல. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கணக்கைப் பார்த்து ஓடியவள் இல்லை. பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவில் சேர்ந்து, புத்தகத்துக்கு அட்டை போட்டு முடித்த மாதத்தில் என் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, என்னை நிறுத்தினார்கள். பதினெட்டில் கல்யாணம், பத்தொன்பதில் நீ. கணக்கு எனக்கு வருமா வராதா என்று பார்க்கிற இடம்வரை யாரும் என்னைப் போகவே விடவில்லை. வரவில்லை என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். உன் சட்டைப் பையிலிருந்த தாளை நான்தான் துவைக்கும்போது எடுத்து விரித்து வைத்தேன்.

எதற்கு இப்போது என்று அங்கே உன்னோடு இருக்கும் உன் அப்பாவும் கேட்டார். சொல்கிறேன். ஸ்கேன் சென்டரில் என் வேலை பெயர் கூப்பிடுவது, சங்கிலி வளையலைக் கழற்றச் சொல்வது, கதவைக் காட்டுவது. அந்தக் கதவுக்குள்ளே எக்ஸ்ரே எடுக்கும் பெண் என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் விடுப்பு போட்டால் மையம் மூடிக்கிடக்கும். நான் விடுப்பு போட்டால் வாட்ச்மேன் பெயர் கூப்பிடுவார். எனக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் வேலை வேண்டும். அந்தப் படிப்புக்கு பிளஸ் டூவில் இயற்பியல் தேறியிருக்க வேண்டும். திறந்தநிலைப் பள்ளியில் பணம் கட்டி, வேலை முடிந்த பிறகு ட்யூஷனுக்குப் போக ஆரம்பித்தேன். "இங்க அந்த டிப்ளமோ செல்லாதும்மா" என்றாய். செல்லாமல் போகட்டும். எது எங்கே செல்லும் என்று பார்த்துத்தான் நான் இருபது வருஷம் எதையும் தொடாமல் இருந்தேன்.

ட்யூஷன் சென்டர் இங்கே காரைக்காலில், ஒரு கைபேசிக் கடையின் மாடியில். முதல் நாள் படியேறிப் போனதும் சார் எழுந்து நின்று, "வாங்கம்மா, உக்காருங்க, பையன் பேரு என்ன?" என்றார். "பையனுக்கு இல்லைங்க சார், எனக்கு" என்றேன். "ஓ, நீங்க டீச்சரா?" என்றார். இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த புதுப் புத்தகத்தைப் பார்த்தார், பிறகு கடைசி வரிசையில் இருந்த பையன்களைத் தள்ளி உட்காரச் சொன்னார். பையன்கள் தள்ளி உட்காரவில்லை, எழுந்தே ஓடிவிட்டார்கள். தங்கள் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்திருக்கும். பிளஸ் ஒன் படிக்கும் நஸ்ரின் என்ற பெண் மட்டும் தன் பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "நான் இங்க உக்காந்துக்கறேங்க்கா. உங்க பக்கத்துல இருந்தா சார் என்னைக் கேள்வி கேக்க மாட்டார்" என்றாள். அது நடந்தது. சார் அவளை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்.

சார் நல்லவர், உற்சாகமானவர். ஆனால் அவரிடம் ஒரு முக்கோணம் இருந்தது. உங்கள் பள்ளியிலும் இருந்திருக்கும். முக்கோணத்தின் உச்சியில் தூரம், கீழே இரண்டு அறைகளில் வேகமும் நேரமும். எது வேண்டுமோ அதைக் கட்டைவிரலால் மூடு, மிச்சம் தெரிவது விடை. "மண்டை வேணாம், கட்டைவிரல் இருந்தா போதும்" என்பார். அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மின்னோட்டத்துக்கு ஒரு முக்கோணம், அடர்த்திக்கு ஒன்று, விசைக்கு ஒன்று. மூடினேன், விடை வந்தது. இதற்கா என் பிள்ளை இயற்பியலை விட்டான் என்று உன்மேல் கோபம்கூட வந்தது. அப்புறம் v = u + at வந்தது. நாலு எழுத்து, நடுவில் ஒரு கூட்டல் குறி. முக்கோணத்தில் எங்கே வைப்பது? வீட்டில் உட்கார்ந்து முக்கோணத்தை நாலாகப் பிரித்து, ஒவ்வொரு எழுத்தையும் ஓர் அறையில் குடிவைத்துக் கொண்டுபோனேன். நஸ்ரின் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா இது, நோம்புக்கு சமோசா மடிக்கிறீங்களா?" என்றாள்.

முக்கோணம் கைவிட்டதும் எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வரி. எட்டாம் வகுப்பில் நம் எல்லோர் வாயிலும் ஏற்றிவிட்ட வரி: அந்தப் பக்கம் போனால் குறி மாறும். ஏன் மாறும் என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நான் போட்ட கணக்கு இது. ஒரு பேருந்து வினாடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் போகிறது. ஓட்டுநர் பிரேக் போடுகிறார், வேகம் ஒவ்வொரு வினாடியும் நாலு நாலாகக் குறைகிறது. நிற்பதற்குள் எவ்வளவு தூரம் போகும்? v² = u² + 2as என்ற சூத்திரம். எனக்கு s மட்டும் தனியாக வேண்டும். u² அந்தப் பக்கம் போனது, குறி மாறியது. 2a அந்தப் பக்கம் போனது, அதற்கும் குறியை மாற்றினேன். எண்களைப் போட்டுக் கழித்தேன். விடை, மைனஸ் முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மீட்டர். நான் அதன்கீழ் இரண்டு கோடு போட்டு, வரிசையில் முதல் ஆளாகக் கொண்டுபோய்க் காட்டினேன்.

சார் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பைப் பார்த்தார். "தம்பிங்களா, அம்மா பஸ்ஸுல ஏறிடாதீங்க. பிரேக் போட்டா ரிவர்ஸ்ல போவுது. திருநள்ளாறுக்கு டிக்கெட் எடுத்தா காரைக்கால்லயே எறக்கி விட்ருவாங்க" என்றார். மாடியே அதிர்ந்தது. நஸ்ரின்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நாளிலிருந்து நான் படியேறும்போது பையன்கள் லாரியைப் பின்னுக்கு எடுக்கவைக்கும் கிளீனர் மாதிரி "போலாம் போலாம், ரைட்ல ஒடி" என்று சத்தம் கொடுப்பார்கள். எனக்கு 'ரிவர்ஸ் ஆன்ட்டி' என்று பெயர்.

அன்று அழுதேனா என்று கேட்காதே. நான் உனக்குச் சொல்ல வந்தது வேறு. போன மாதம் நீ பேச்சோடு பேச்சாகச் சொன்னாய், பிரெஞ்சு வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன் என்று. நீ ஒரு வார்த்தையை உச்சரித்ததற்கு மொத்த வகுப்பும் சிரித்தது, டீச்சரும் சிரித்தார், வேலைதான் இருக்கிறதே, எதற்கு அது என்றாய். அதைக் கேட்டபோது நான் ரிவர்ஸ் ஆன்ட்டியாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் மறுநாளும் அதே படியில் ஏறிக்கொண்டிருந்தேன். சிரிப்பு காதில் விழத்தான் செய்யும் தம்பி. விழட்டும். காது கேட்டுக்கொண்டிருக்கும்போதே கை அடுத்த வரியை எழுதும், நான் எழுதிப் பார்த்துவிட்டேன். சிரிக்கிறவர்கள் களைத்துப்போக நாம் நினைப்பதைவிடக் குறைவான காலம்தான் ஆகிறது. நாம்தான் அதுவரை காத்திருக்காமல் வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

தப்பு எங்கே என்று எனக்குப் பிடிபட்டது ஸ்கேன் சென்டரில். கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம். நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு ஓர் அம்மா வந்திருந்தார். மேலே புர்கா, அதற்குள் ஊக்கு குத்திய துப்பட்டா, அதற்கும் உள்ளே சங்கிலி. சங்கிலியைக் கழற்றச் சொன்னேன். அவர் எதையும் எடுக்காமல் கழுத்தோரமாக விரலை விட்டு இழுத்துப் பார்த்தார். வரவில்லை. "கடைசியா போட்டத முதல்ல எடுங்கம்மா. இழுக்காதீங்க, ஊக்க ஊக்கு மாதிரி தொறங்க, கொக்கிய கொக்கி மாதிரி கழட்டுங்க" என்றேன். தினமும் சொல்கிற வாசகம்தான். சொன்ன வாய் மூடுவதற்குள் எனக்கு என் பேருந்து ஞாபகம் வந்தது. அவரை உள்ளே அனுப்பிவிட்டு, ஒரு டோக்கன் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். s-க்கு முதலில் போட்டது எது? 2a. அது பெருக்கலாகப் போட்டது. அதற்குமேல் போட்டது u². அது கூட்டலாகப் போட்டது. ஆகவே முதலில் u²-ஐ எடுக்க வேண்டும், கூட்டிப் போட்டதைக் கழித்துத்தான் எடுக்க வேண்டும். பிறகு 2a. பெருக்கிப் போட்டதை வகுத்துத்தான் எடுக்க முடியும். நான் ஊக்கையும் கொக்கியையும் ஒரே மாதிரி இழுத்திருக்கிறேன். எட்டாம் வகுப்பு வரி பாதி உண்மை. மீதியை யாரும் சொல்லித்தராமல் என்னைக் கணக்கு வராதவள் என்றார்கள். உன்னையும்தான்.

அந்தச் சீட்டில் இன்னொன்றையும் பார்த்தேன். வேகத்தின் வர்க்கத்திலிருந்து முடுக்கத்தைக் கழித்திருந்தேன். மீட்டருக்கும் கிலோவுக்கும் நடுவே கழித்தல் குறி போடுவதுபோலத்தான் அது. கடைக்காரரிடம் இரண்டு மீட்டர் துணியிலிருந்து அரைக் கிலோ உளுந்தைக் கழியுங்கள் என்று கேட்பேனா? எழுத்துகளாக இருந்ததால் கேட்டுவிட்டேன். எண்களை முதலிலேயே போட்டுவிட்டதால் அது கண்ணிலும் படவில்லை. எண்ணுக்கு முகம் கிடையாது, எதிலிருந்தும் எதையும் கழிக்க விட்டுவிடும். அதனால் அன்றிலிருந்து ஒரு முடிவு: கடைசி வரிவரை எழுத்தாகவே கொண்டுபோவது, வேண்டியதைத் தனியாக நிறுத்திவிட்டு, அப்புறம்தான் எண்.

மறுநாள் நானே எழுந்து, அந்தப் பேருந்துக் கணக்கைப் பலகையில் போடுகிறேன் சார் என்றேன். பின்னால் ஒருவன் "ரைட்ல ஒடி" என்றான். நான் எழுத்துகளை மட்டும் எழுதிக்கொண்டே போனேன். "நம்பரைப் போட்டுட்டுப் போங்கம்மா, சீக்கிரம் முடியும்" என்றார் சார். "நம்பரைக் கடைசியில போடறேன் சார்." "டைம் ஆகுமேம்மா." "ஆகட்டும் சார்." கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். s தனியாக நின்றது: s = (v² − u²) / 2a. எண்களைப் போட்டேன். சார் பலகையைப் பார்த்துவிட்டு, அவரால் சும்மா இருக்க முடியாது, "இப்ப பஸ் எந்தப் பக்கம்மா போவுது?" என்றார். "எங்கயும் போவல சார். அம்பது மீட்டர்ல நின்னுடுச்சு" என்றேன். இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. நஸ்ரின் மட்டும், "எனக்கு இன்னொரு தடவ போட்டுக் காட்டுங்கக்கா, ஊக்கு எது, கொக்கி எதுன்னு" என்று கேட்டாள். அவளுக்கு விளக்கும்போது எனக்கே இரண்டு இடத்தில் தடுக்கியது. இன்னமும் தடுக்குகிறது. சாய்தளக் கணக்கு என்றால் எனக்கு நடுக்கம்தான். ட்யூஷனில் வைத்த போன தேர்வில் எனக்கும் தேர்ச்சிக்கும் நடுவே நாலு மதிப்பெண் இருந்தது. நான் தேறிவிடுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. உட்கார்ந்து எழுதுவேன் என்று கொடுக்க முடியும்.

எழுத்தாகவே விட்டதில் இன்னொரு லாபம். அந்தக் கடைசி வரியை நன்றாகப் பார். நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நாலு மடங்கு. ஒரு சனிக்கிழமை திருநள்ளாறு சாலையில், குளித்த ஈரத்தோடு ஒரு குடும்பம் குறுக்கே ஓட, நான் இருந்த பேருந்து பிரேக் போட்டு அவர்களுக்குச் சற்று முன்னால் நின்றது. எல்லோரும் ஓட்டுநரைத் திட்டினார்கள். நான் உன்னை நினைத்துக்கொண்டேன். மழையில், சாப்பாட்டுப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பறக்கிறாயாமே. மெதுவாகப் போடா என்று இத்தனை வருஷம் சொன்னேன், அது அம்மா பேச்சு. இப்போது சொல்வது v² = u² + 2as. அதோடு வாதாட முடியாது. ஈரச் சாலையில் பிரேக்கும் பாதிதான் பிடிக்கும், அந்தக் கணக்கை நீயே போட்டுக்கொள்.

உன் அப்பாவுக்கு ஒரு வார்த்தை, அவரும் படிப்பார். அவருடைய அம்மா படுக்கையில் இருந்த வருஷங்களில் யாரும் எனக்கு டிக்கெட் போடவில்லை. அப்போது நான் இங்கே இருப்பதுதான் எல்லோருக்கும் சரியாக இருந்தது, நானும் முகம் சுளிக்காமல் செய்தேன், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அந்த அம்மா போய் ஒரு வருஷம் ஆவதற்குள் நான் அங்கே இருப்பது எல்லோருக்கும் சரியாக இருக்கிறது. இரண்டு முறையும் என்னைக் கேட்கவில்லை. அங்கே வரமாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை. உங்கள் இருவரோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட எனக்கு ஆசை இல்லையா? கடைசி எப்போது நாம் மூன்று பேரும் அப்படிச் சாப்பிட்டோம் என்று எனக்கு நினைவில்லை. ஆனால் ஆசையைக் காட்டி என்னைப் பரீட்சை அறையிலிருந்து எழுப்ப முடியாது.

ஆகவே தம்பி, ஏப்ரல் டிக்கெட்டை ரத்து செய். அவர்கள் பிடித்துக்கொள்ளும் பணம் எவ்வளவோ, அதை என் சம்பளத்தில் நான் தருகிறேன். விசா ஒரு வருஷம் செல்லும் என்று நீதான் சொன்னாய். நீ மறுபடி அந்தப் பிரெஞ்சு வகுப்புக்குப் போ, அதே பெஞ்சில் உட்கார், சிரிப்பு வந்த அதே வார்த்தையை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல். எப்போது வருவாய் என்று குழுவில் எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் எல்லோரும் சேர்ந்து, கேள்வியைப் படிக்காமலே, ஒரு தேதியைப் போட்டிருந்தீர்கள். அதை அழித்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போதைக்கு ஓர் எழுத்துதான் இருக்கும். நம்பரைக் கடைசியில் நான் போடுகிறேன்.

அம்மா